மணல் நம்மளது, மானியம் யாருக்கு?

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனா குமரி மாவட்டத்துல பிறந்த ஒவ்வொருத்தரும் கடைசி வரைக்கும் வாசிக்கணும். வாசிச்சிட்டு பகிருங்க. டிவி விவாதத்துல இது வராது.

பிப்ரவரி 1-ம் தேதி ஒன்றிய பட்ஜெட் வாசிச்சாங்க. அதுல ஒரு அறிவிப்பு. ஒடிசா, கேரளா, ஆந்திரா, தமிழ்நாடு ஆகிய நாலு மாநிலத்துலயும் "அரிய மண் தனிம வழித்தடம்" அமைக்க உதவி செய்வோம்னு சொன்னாங்க. எதுக்காக? சுரங்கம், பதப்படுத்தல், ஆராய்ச்சி, உற்பத்தி. இந்த நாலு வார்த்தையை மனசுல வச்சுக்கோங்க. இந்தப் பதிவு முழுக்க இந்த நாலு வார்த்தையைப் பத்திதான்.

நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணு. இந்த நாலுல குமரிக்கு வரப்போறது எது? முதல் வார்த்தை மட்டுமா?

*ஏஐ-க்கும் நம்ம கருமணலுக்கும் என்ன சம்பந்தம்?*

செல்போன்ல ஒரு கேள்வி கேட்டா ஏஐ பதில் சொல்லுது. அந்தப் பதில் காத்துல இருந்து வரல. எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல ஆயிரக்கணக்கான சிப் ஓடுது. அங்க தகவலைச் சேமிக்கிற ஹார்ட் டிஸ்க் உள்ள நியோடிமியம் காந்தம் இருக்கு. சிப் செய்யும்போது சிலிக்கான் தகட்டைக் கண்ணாடி மாதிரி தேய்க்கிறதுக்கு சீரியம் ஆக்சைடு வேணும். நியோடிமியம், சீரியம் ரெண்டும் மோனசைட் மணல்ல இருக்கு.

டிரான்சிஸ்டர் உள்ளயே ஹாஃப்னியம் கலந்த ஒரு மெல்லிய படலம் இருக்கு. 2007-ல இன்டெல் 45 நானோமீட்டர் சிப்ல இதைக் கொண்டு வந்தாங்க. அந்த ஹாஃப்னியம் எதுல இருந்து கிடைக்குது? சிர்கான் தாதுல இருந்து.

மோனசைட், சிர்கான், இல்மனைட், ரூட்டைல், கார்னெட், சில்லிமனைட். இந்த ஆறும் ஒண்ணா கிடக்கிற கடற்கரை நம்ம மணவாளக்குறிச்சி. தக்கலையில பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல போய் நிக்கிற ஊர்.

இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச விஷயமும் இல்ல. 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து ஏற்றுமதியான கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். அப்போ ஐரோப்பாவுல கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. உடனே மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டாங்க. அதாவது உலகத்தோட சப்ளை செயின்ல நம்ம ஊர் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னைக்கு மேண்டில், அப்புறம் அணுசக்தி, இன்னைக்கு ஏஐ. கேக்கிற ஆள் மாறிக்கிட்டே இருக்காங்க. கொடுக்கிற ஊர் மட்டும் அப்படியே இருக்கு.

*ஒரே மணல், பங்கு மட்டும் வேற வேற*

இந்திய அரிய மண் நிறுவனம் (ஐஆர்இஎல்) 1950-ல தொடங்கினது. அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிற பொதுத்துறை நிறுவனம். அதோட படத்தைக் கொஞ்சம் பாருங்க.

▪️ அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிக்கிற ஆலை: கேரளாவில் ஆலுவா. 1952-ல நேரு திறந்து வச்சது.
▪️ அரிய மண் பிரித்தெடுக்கும் ஆலை: ஒடிசாவில் சத்ரபூர்.
▪️ காந்த ஆலை: ஆந்திராவில் விசாகப்பட்டினம். வருஷத்துக்கு 3,000 கிலோ சமாரியம்-கோபால்ட் காந்தம். 2023-ல பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணிச்சது.
▪️ அரிய மண், டைட்டானியம் தொழில்நுட்பப் பூங்கா: மத்தியப் பிரதேசத்தில் போபால். போபால்ல கடலும் இல்ல, கடல் மணலும் இல்ல!
▪️ குமரியில் மணவாளக்குறிச்சி: மணலை அள்ளி, தாதுவாரியாப் பிரிக்கிறது.

இதே திருவிதாங்கூர் கரையில இருக்கிற சவராவைப் பாருங்க. அங்க கேரள அரசே கேஎம்எம்எல் நிறுவனத்தை நடத்துது. இல்மனைட்டை டைட்டானியம் டை ஆக்சைடா மாத்தி விக்குது. திருவனந்தபுரத்துல டிராவன்கூர் டைட்டானியம் இருக்கு. 1956 நவம்பர் 1-ல நாம தாய்த் தமிழகத்தோட சேர்ந்தோம். போராடி, உயிர் கொடுத்து சேர்ந்தோம். அதுக்கு அப்புறம் இந்த எழுபது வருஷத்துல நம்ம மணலை வச்சு சென்னையில ஆண்ட எந்த அரசாவது கேஎம்எம்எல் மாதிரி ஒரு பெரிய பொதுத்துறை ஆலையை குமரிக்குக் கொண்டு வந்துச்சா? இந்தக் கேள்வி டெல்லிக்கு மட்டும் இல்ல. கோட்டையில உட்கார்ந்த எல்லாருக்கும்தான்.

ஆலை வரல. கொள்ளை மட்டும் வந்துச்சு. தென் மாவட்டக் கடற்கரையில தனியார் தாது மணலை எவ்வளவு அள்ளினாங்கன்னு நாம சொல்ல வேண்டாம். 2025 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. வசூலிக்க வேண்டிய தொகை 5,832 கோடி ரூபாய். அவ்வளவு மணல் லாரி ஏறிப் போனது எந்த அதிகாரி கண்ணுலயும் படாம இருந்திருக்கும்னு நம்பச் சொல்றாங்க.

சரி, சட்டப்படி எடுத்தா மாநிலத்துக்கு என்ன வரும்? 2014 ராயல்டி அறிவிக்கையில மோனசைட்டுக்கு நிர்ணயிச்ச தொகை டன்னுக்கு 125 ரூபாய். கிலோவுக்கு இல்லை மக்களே, டன்னுக்கு! ஒரு பிரியாணி காசு.

*இப்போ மானியக் கணக்குக்கு வருவோம்*

2025 ஏப்ரல்ல சீனா ஏழு அரிய மண் தனிமங்களோட ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. காந்தம் கிடைக்காம நம்ம நாட்டு வாகன ஆலைகளே தவிச்சது ஞாபகம் இருக்கும். அப்புறம்தான் டெல்லிக்கு வேகம் வந்துச்சு.

2025 நவம்பர்ல அரிய மண் காந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. இதுல 6,450 கோடி விற்பனையை வச்சு கொடுக்கிற ஊக்கத்தொகை, 750 கோடி முதலீட்டு மானியம். வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் இலக்கு. அதிகபட்சம் 5 நிறுவனங்களுக்கு ஏலம் மூலமா கொடுப்பாங்க.

நல்ல திட்டம். நாம எதிர்க்கல. ஆனா மூலப்பொருள் எடுக்கிற மாவட்டத்துல ஒரு ஆலையாவது அமையணும்னு கட்டாயம் வேண்டாமா? மணலை இங்க அள்ளுவாங்க, 6,450 கோடி ஊக்கத்தொகை வேற எங்கயோ இருக்கிற ஆலைக்குப் போகும். நமக்கு டன்னுக்கு 125 ரூபாய். இதுக்குப் பேர் வழித்தடமா? நமக்கு இது வெறும் வெளியேற்றுப் பாதை.

"சும்மா சந்தேகப்படாதீங்க"ன்னு சொல்றவங்களுக்கு, சிப் மானியக் கதையைப் பார்ப்போம்.

2021 டிசம்பர்ல இந்திய செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி. திட்டச் செலவுல பாதியை ஒன்றிய அரசே தரும். குஜராத் சனந்த்ல மைக்ரான் ஆலை. மொத்தச் செலவு 275 கோடி டாலர். அதுல 50 சதவீதம் ஒன்றிய அரசு, 20 சதவீதம் குஜராத் அரசு. நூறு ரூபாய் ஆலையில எழுபது ரூபாய் மக்கள் வரிப்பணம்!

2025 ஆகஸ்ட் வரைக்கும் 10 திட்டங்களுக்கு ஒப்புதல். குஜராத் 4, ஒடிசா 2, அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஆந்திரா தலா 1. கூட்டிப் பாருங்க, பத்து வந்தாச்சு. தமிழ்நாடு? பூஜ்யம்.

2024-25-ல நாட்டோட எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில தமிழ்நாட்டோட பங்கு 41 சதவீதம், 1,465 கோடி டாலர். ஸ்ரீபெரும்புதூர்லயும் ஓசூர்லயும் ராத்திரி ஷிப்ட் பாக்கிற நம்ம தங்கச்சிங்க உழைப்பு அது. அந்த மாநிலத்துக்கு ஒரு சிப் ஆலை கூட தகுதி இல்லையாம்.

"மாநிலம் சரியா முயற்சி பண்ணல, அதான் கிடைக்கல"ன்னு ஒரு கூட்டம் கமெண்ட்ல வரும். அவங்க ரெண்டு விஷயத்துக்குப் பதில் சொல்லட்டும். வேதாந்தா-ஃபாக்ஸ்கான் ஆலை மகாராஷ்டிராவுக்கு வரும்னு பேசிக்கிட்டே இருந்து, 2022-ல குஜராத்துக்குப் போனது எப்படி? கேன்ஸ் நிறுவனம் 2023-ல தெலங்கானாவுல அறிவிச்ச சிப் ஆலைத் திட்டம், ஒன்றிய அரசோட ஒப்புதல் வரும்போது சனந்துக்கு மாறினது எப்படி? மகாராஷ்டிராவும் தெலங்கானாவும் கூடவா முயற்சி பண்ணல?

நியாயமாப் பேசணும்னா இதையும் சொல்லணும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகத் திட்டத்துல 2025 அக்டோபர்ல முதல் கட்டமா ஒப்புதல் கிடைச்ச 7 திட்டத்துல 5 தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. வரவேற்கிறோம். ஏன் வந்துச்சு? இங்க ஆலை இருக்கு, ஆள் இருக்கு, மாநில அரசும் தன் பங்குக்கு ஈடா மானியம் வச்சது. தகுதியை மட்டும் பார்த்தா தமிழ்நாட்டுக்கு வரும். அதுக்கு இதுவே சாட்சி. சிப் ஆலைக்கு மட்டும் ஏன் வரல? அந்த அஞ்சுலயும் குமரிக்கு எது வந்துச்சு? அதையும் கேப்போம்.

*காசு கொடுக்கிற அமெரிக்காக்காரன் என்ன கேக்கிறான்?*

மானியம் தப்பு இல்ல. உலகம் முழுக்க கொடுக்கிறாங்க. எப்படிக் கொடுக்கிறாங்கன்னு பாருங்க.

அமெரிக்கா 2022-ல சிப்ஸ் சட்டம் போட்டுச்சு. ஆலை மானியத்துக்கு மட்டும் 3,900 கோடி டாலர். 15 கோடி டாலருக்கு மேல மானியம் கேக்கிற நிறுவனம், தொழிலாளர்களோட குழந்தைகளைப் பாத்துக்க என்ன ஏற்பாடுன்னு திட்டம் கொடுக்கணும். எதிர்பார்த்ததை விட ரொம்ப லாபம் வந்தா அரசுக்குப் பங்கு தரணும். பத்து வருஷத்துக்குச் சீனாவுல உயர்தர சிப் உற்பத்தியை விரிவாக்கக் கூடாது.

அதே சட்டத்துல 50 கோடி டாலரை அமெரிக்க வெளியுறவுத் துறைக்குத் தனியா ஒதுக்கினாங்க. எதுக்கு? வெளிநாடுகள்ல தங்களுக்கு வேண்டிய சப்ளை செயினைப் பலப்படுத்த. 2024 செப்டம்பர்ல அந்த நிதியில் இந்திய செமிகண்டக்டர் திட்டத்தையும் கூட்டாளியா சேர்த்தாங்க. 2025 டிசம்பர்ல ஏஐ சப்ளை செயினுக்காக "பாக்ஸ் சிலிக்கா"ன்னு ஒரு நாட்டுக் கூட்டணி. இந்த பிப்ரவரியில டெல்லி ஏஐ மாநாட்டுல இந்தியாவும் அதுல கையெழுத்து போட்டாச்சு. கனிமத்துல இருந்து டேட்டா சென்டர் வரைக்கும் அதுல அடக்கம்.

2025 ஜூலையில எம்பி மெட்டீரியல்ஸ்ங்கிற அரிய மண் சுரங்க நிறுவனத்துல அமெரிக்க ராணுவத் துறை 40 கோடி டாலர் போட்டு பங்கு வாங்குச்சு. நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்கு கிலோ 110 டாலர்னு குறைந்தபட்ச விலையும் உறுதி பண்ணாங்க. ஆகஸ்ட்ல இன்டெல்லுக்குக் கொடுக்க வேண்டிய மானியத்தை வச்சே அந்த நிறுவனத்துல சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தாங்க.

முதலாளித்துவத்தோட தலைநகரமே மானியம் கொடுத்தா பங்கு கேக்குது, நிபந்தனை போடுது. நம்ம ஆளுங்க நம்ம வரிப்பணத்துல எழுபது சதவீதம் கொடுத்துட்டு திறப்பு விழா ஃபோட்டோவோட திருப்திப்படுறாங்க!

*கேக்க வேண்டிய ஜனங்களைக் கேக்கல*

இப்போ நம்ம ஊர் விவகாரம். இங்கதான் ரத்தம் கொதிக்குது.

கிள்ளியூர் தாலுகாவுல கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகள்ல 1,144 ஹெக்டேர்ல அணுக்கனிமச் சுரங்கத் திட்டம். ஏக்கர் கணக்குல 2,800-க்கு மேல. அங்க இருக்கிறது காலி நிலம் இல்ல. வீடு, தோப்பு, கோயில், குருசடி, வள்ளம் இழுத்து வைக்கிற கரை, வலை காயப் போடுற மணல்.

அதுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1-ம் தேதி நம்ம பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீஸ்ல நடக்கும்னு அறிவிச்சாங்க. கடற்கரை ஊர்கள் எழுந்தது. மீனவர், விவசாயி, கட்சிக்காரன், கட்சி இல்லாதவன் எல்லாரும் சேர்ந்து எதிர்த்தாங்க. கூட்டத்தை ஒத்தி வச்சாங்க.

நாம என்ன நினைச்சோம்? மறுபடியும் தேதி வைப்பாங்க, போய் பேசுவோம், எழுதிக் கொடுப்போம்னு நினைச்சோம்.

2025 செப்டம்பர் 8. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டுச்சு. அணுக்கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கிற சுரங்கத்துக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பே தேவை இல்ல. பரப்பளவு எவ்வளவு இருந்தாலும் டெல்லியிலயே முடிவு பண்ணிக்குவாங்க. நாடாளுமன்றத்துல விவாதம் இல்ல, சட்டத்திருத்தம் இல்ல. ஒரு குறிப்பாணை! மாநில அரசு திரும்பப் பெறச் சொல்லி பிரதமருக்குக் கடிதம் எழுதுச்சு.

மக்கள் என்ன சொல்வாங்கன்னு தெரிஞ்சதும் மக்களைக் கேக்கிற வழக்கத்தையே தூக்கிட்டாங்க. பரீட்சையில தோத்துருவோம்னு தெரிஞ்சு பரீட்சையையே ரத்து பண்றவனை நாம என்ன சொல்வோம்?

*கமெண்ட்ல வரப்போற மூணு கேள்விக்கு இப்பவே பதில்*

"நாட்டுப் பாதுகாப்புக்கு எதிரா பேசுறீங்களா?"
இல்ல. சீனாவை நம்பி இருக்கக் கூடாதுன்னுதான் நாமளும் சொல்றோம். நாட்டுல இருக்கிற மோனசைட் 1 கோடியே 31 லட்சம் டன்னுக்கு மேலன்னு ஒன்றிய அரசே நாடாளுமன்றத்துல சொல்லுது. அவ்வளவு மணல் இருந்தும் காந்தத்துக்கு ஏன் சீனாகிட்ட கையேந்துறோம்? குறை மணல்ல இல்ல. பிரித்தெடுக்கிற, உலோகமாக்குற, காந்தமாக்குற ஆலை போதுமான அளவு கட்டல. அப்போ முதல்ல பெருக்க வேண்டியது ஆலையையா, சுரங்கத்தையா? பாதுகாப்புங்கிற வார்த்தையைச் சொல்லி மீனவன் வாயை மட்டும் மூடுறது எந்த ஊர் தேசபக்தி?

"மணலை எடுத்தா கதிரியக்கம் குறையும், உங்களுக்கே நல்லது."
ரொம்ப சந்தோஷம். அப்படின்னா ஏற்கனவே தோண்டின இடத்துல, தோண்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ஊர்வாரியா எண்களைத் தமிழ்ல போடுங்க. கடற்கரை ஊர்கள்ல புற்றுநோய் பயம் ரொம்ப காலமா இருக்கு. அந்தப் பயம் சரியா தப்பான்னு சொல்ல வேண்டியது உங்க ஆய்வுதான். சுதந்திரமான மருத்துவக் குழு வச்சு, முடிவை முழுசா வெளியிடுங்க. நாங்க எண்ணைக் கேக்கிறோம். நீங்க நம்பிக்கையை மட்டும் கேக்கிறீங்க.

"வேலைவாய்ப்பு வரும்ல?"
எந்த வேலை? இந்த மாவட்டத்துல படிப்பறிவுக்குக் குறை இல்ல. வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்கான். தக்கலை பஸ் ஸ்டாண்டுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் நின்னு பாருங்க. சென்னை பஸ், பெங்களூர் பஸ், கோயம்புத்தூர் பஸ், எல்லாத்துலயும் நம்ம பசங்கதான். மெட்டலர்ஜி படிச்சவனுக்கும் கெமிக்கல் படிச்சவனுக்கும் பதப்படுத்துற ஆலையில வேலை இருக்கு, ஆராய்ச்சிக் கூடத்துல வேலை இருக்கு, காந்த ஆலையில வேலை இருக்கு. மணல் அள்ளுற இடத்துல ஜேசிபி ஓட்டுற வேலையும் வாட்ச்மேன் வேலையும்தான் மிஞ்சும். அந்த நாலு வார்த்தையில முதல் வார்த்தையோட சம்பளம்தான் ரொம்பக் குறைச்சல்.

*நம்ம கோரிக்கை*

1. 2025 செப்டம்பர் 8 குறிப்பாணையை உடனே திரும்பப் பெறணும். கிள்ளியூர் திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்பு இல்லாம ஒரு பிடி மணல் எடுக்கக் கூடாது. மக்கள் வேண்டாம்னு சொன்னா அதுதான் முடிவு.

2. 7,280 கோடி காந்தத் திட்டத்துல, மூலப்பொருள் எடுக்கிற மாநிலத்துல ஆலை வைக்கணும்னு ஏல நிபந்தனை வேணும். அஞ்சுல ஒண்ணு தமிழ்நாட்டுக்கு.

3. வழித்தடம்னு சொன்ன நாலுல ஆராய்ச்சியும் பதப்படுத்தலும் தென் மாவட்டங்களுக்கு வரணும். அதுவும் குடியிருப்புக்கு வெளிய, தோரியம் கழிவை எங்க எப்படி வைப்பீங்கன்னு எழுத்துப்பூர்வமா சொல்லிட்டு.

4. டன்னுக்கு 125 ரூபாய்ங்கிற கேலிக்கூத்தை விட்டுட்டு, உள்ள இருக்கிற தனிமங்களோட சந்தை விலையை வச்சு ராயல்டி நிர்ணயிக்கணும். மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு வர்ற பணம் எந்த ஊருக்கு எவ்வளவு செலவாச்சுன்னு வெளியிடணும்.

5. மக்கள் வரிப்பணத்துல மானியம் வாங்குற எந்த நிறுவனமா இருந்தாலும் அரசுக்குப் பங்கு, உள்ளூர் ஆட்களுக்கு நிரந்தர வேலை. ஒப்பந்தத்தை இணையத்துல போடணும்.

6. மாநில அரசு கடிதம் எழுதினதோட நிறுத்தாம, இந்தக் குறிப்பாணையை எதிர்த்து நீதிமன்றம் போகணும். கேரளா கேஎம்எம்எல் நடத்துற மாதிரி தாதுவை மதிப்புக்கூட்டுற அரசு நிறுவனத்துக்குத் திட்டம் வைக்கணும்.

*கடைசியா*

நம்ம மாவட்டத்துக்கு சப்ளை செயின் பாடம் யாரும் எடுக்க வேண்டாம். மிளகு வியாபாரத்தை மொத்தமா கைக்குள்ள வச்சுக்கணும்னு வந்த டச்சுக் கம்பெனியை 1741-ல குளச்சல்ல தோற்கடிச்ச மண்ணு இது. அந்தப் படையோட தளபதி டிலனாயோட கல்லறை இன்னைக்கும் உதயகிரிக் கோட்டையில இருக்கு. விளையுறது எங்க மண்ணுல, விலை சொல்றது நீயான்னு அன்னைக்கே கேட்ட ஊர். அதே டச்சு நாட்டு ஏஎஸ்எம்எல் கம்பெனிதான் இன்னைக்கு உயர்தர சிப் அச்சடிக்கிற எந்திரத்தை உலகத்துக்கே விக்குது. மிளகுல தோத்தவன் எந்திரம் செய்யக் கத்துக்கிட்டான். ஜெயிச்ச நாம இன்னும் மணல் அள்ளிக் கொடுத்துக்கிட்டு இருக்கணுமா?

தோழர்களே, வேலை இருக்கு. மார்ச் 22 கிராம சபையில, கருத்துக்கேட்பு இல்லாத சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் கொடுங்க. தீர்மானத்தைப் பதிவு பண்ணலைன்னா எழுத்துல காரணம் கேளுங்க. நகராட்சி, பேரூராட்சியில இருக்கிறவங்க கவுன்சிலரைப் பிடிங்க. சப் கலெக்டர் ஆபீஸுக்கு மனு அனுப்புங்க, ஒப்புகைச் சீட்டை பத்திரமா வையுங்க. ராயல்டி எவ்வளவு வந்துச்சு, கதிரியக்க அளவு என்னன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. மனு மாதிரி வேணும்னா இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் பண்ணுங்க, தமிழ்லயே தயார் பண்ணித் தர்றோம்.

சுரங்கம், பதப்படுத்தல், ஆராய்ச்சி, உற்பத்தி. நாலையும் பேசுங்க, நாங்களும் உட்கார்ந்து பேசுறோம். முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தா, கடற்கரை ஊருக்குள்ள நுழைய முடியாது.

– தகவல் தொழில்நுட்ப அணி, பத்மநாபபுரம் தொகுதி

#மணல்_நம்மளது #மானியம்_யாருக்கு #குமரியைக்_கேள் #கருத்துக்கேட்பு_எங்கே